விலை குறைந்த ஃபிளாக்ஷிப் போன் வாங்கலாமா? எதில் மிச்சம் பிடித்திருக்கிறார்கள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கேள்வி இதுதான்: உச்ச விலை போனில் (ஃபிளாக்ஷிப் என்பது இதைத்தான்) இருக்கும் அதே சிப், 120 ஹெர்ட்ஸ் அமோலெட் திரை, அரை மணி நேரத்துக்குள் முழு சார்ஜ், எல்லாமே ஏறக்குறையப் பாதி விலைக்குக் கிடைக்கிறதே, அப்படியானால் மீதிப் பாதியைக் கொடுப்பவர்கள் எதற்காகக் கொடுக்கிறார்கள்? இந்தப் பாதி விலை போனில் எங்கே ஓட்டை?

ஓட்டை சிப்பில் இருக்காது. இந்த வகைப் போன்களுக்குச் சிப்தான் விளம்பரம்; விளம்பரத்தில் எந்தக் கம்பெனியும் கை வைக்காது. அந்தச் சிப்பைச் சுமக்கிற மற்றவற்றில்தான் கை வைப்பார்கள்: சூட்டை வெளியேற்றும் அமைப்பு, இரண்டாவது மூன்றாவது கேமரா, யுஎஸ்பி போர்ட், சென்சார்கள், அப்டேட் ஆண்டுகள். இவற்றில் சில விவரப் பட்டியலில் வரவே வராது. வந்தாலும் கடைசி வரியில் சின்ன எழுத்தில் இருக்கும். அதனால் இந்த விலையில் பட்டியலைப் படிக்கும்போது, கொடுத்திருப்பதை எண்ணுவதை விட்டுவிட்டு, விட்டிருப்பதைத் தேடுங்கள். விட்டது உங்கள் கைக்குத் தினமும் தேவைப்படாததாக இருந்தால் அது நல்ல பேரம்.

இது பழைய வித்தைதான். 2012-ல் வந்த கூகுள் நெக்ஸஸ் 4-ல் அன்றைய உச்ச சிப்பான ஸ்னாப்டிராகன் எஸ்4 ப்ரோ இருந்தது. ஆனால் அதிகாரபூர்வ எல்டிஇ (4ஜி) கிடையாது, அடிப்படை மாடலில் சேமிப்பு 8 ஜிபி, மெமரி கார்டு போட இடமும் இல்லை. 2014-ல் ஸ்னாப்டிராகன் 801-உடன் வந்த ஒன்பிளஸ் ஒன் 'ஃபிளாக்ஷிப் கில்லர்' என்ற பட்டத்தைப் பரப்பியது. 2018-ன் போக்கோ எஃப்1 இன்னும் துணிச்சலானது: ஸ்னாப்டிராகன் 845, அதற்குத் திரவக் குளிரூட்டல், பதிலுக்கு பிளாஸ்டிக் முதுகு, என்எஃப்சி (தொட்டுப் பணம் செலுத்த உதவும் வசதி) இல்லை. கூடவே வைட்வைன் எல்1 என்ற வீடியோ பாதுகாப்புச் சான்றும் இல்லாததால் நெட்ஃபிளிக்ஸில் எச்டி படம் ஓடவில்லை. அத்தனை சக்தி உள்ள சிப்பை வைத்துக்கொண்டு மங்கலான எஸ்டி தரத்தில் படம் பார்க்க வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டு அப்டேட்டில் சரி செய்தார்கள் என்றாலும், வெளியீட்டு நாளன்று எந்த விளம்பரத்திலும் இந்த விஷயம் இல்லை.

சிக்கனம் பிடிப்பதில் இரண்டு பள்ளிகள் இருக்கின்றன. ஒன்று, எல்லாப் பணத்தையும் சிப், திரை, சார்ஜிங் மூன்றிலும் கொட்டிவிட்டு மற்றதைக் கழிப்பது. போக்கோ எஃப், ஒன்பிளஸின் ஆர் வரிசை, ரியல்மி ஜிடி, ஐக்கூ நியோ எல்லாம் இந்த வகை. இன்னொன்று, தன் சொந்த உச்ச போனையே எடுத்து எல்லாப் பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவுவது. சாம்சங் எஃப்இ, கூகுள் பிக்சல் ஏ வரிசைகள் இந்த வகை. 2020-ன் கேலக்ஸி எஸ்20 எஃப்இ-யில் முதுகு பிளாஸ்டிக். ஆனால் மூன்று மடங்கு டெலிஃபோட்டோ (தூரக் காட்சி லென்ஸ்), ஐபி68 நீர் எதிர்ப்பு, வயர்லெஸ் சார்ஜிங் எல்லாம் இருந்தன. 2022-ன் பிக்சல் 6ஏ-யில் பெரிய அண்ணனின் டென்சர் சிப் அப்படியே வந்தது. திரை மட்டும் 60 ஹெர்ட்ஸ், சார்ஜிங் 18 வாட். முதல் பள்ளிப் போனைக் கடையில் கையில் எடுத்த அஞ்சு நிமிடத்தில் பிடித்துவிடும். இரண்டாம் பள்ளிப் போன் மெதுவாகத்தான் பிடிக்கும், சில சமயம் ஆறு மாதம் கழித்து. எந்தப் பள்ளியின் போனைப் பார்க்கிறீர்கள் என்று முதலில் தெரிந்துகொண்டால் ஓட்டையைத் தேட வேண்டிய இடம் தானாகத் தெரியும்.

சிப்: பெயரை நம்ப வேண்டாம், சூட்டைப் பாருங்கள்

ஸ்னாப்டிராகன் 8எஸ் ஜென் 3 என்ற பெயரைப் பார்த்தால் 8 ஜென் 3-ன் உடன்பிறப்பு என்று தோன்றும். உறவு உண்டு, சொத்து சமம் இல்லை. இரண்டிலும் முதன்மை கோர் (சிப்பின் முக்கியக் கணிப்புப் பகுதி) கார்ட்டெக்ஸ் எக்ஸ்4-தான், ஒன்றில் 3.3 கிகாஹெர்ட்ஸ், எஸ்-ஸில் 3.0. உண்மையான இடைவெளி கிராஃபிக்ஸில்: அட்ரினோ 750-க்குப் பதில் 735. பெரிய கேம் ஆடினால்தான் இது தெரியும். சாட், வீடியோ, பிரவுசிங்கில் இரண்டையும் பிரித்தறிய யாராலும் முடியாது. தலைகீழான உதாரணமும் உண்டு. 2023-ன் 7 பிளஸ் ஜென் 2, பெயரில் 7 என்றாலும் உள்ளே உச்ச சிப்களுக்குரிய எக்ஸ்2 கோர் வைத்து வந்தது. பெயரைப் பார்த்து ஒதுக்கியவர்கள்தான் ஏமாந்தார்கள்.

பெயரைவிட முக்கியமானது, எந்தத் தொழிற்சாலையில் அச்சான சிப் என்பது. ஸ்னாப்டிராகன் 888, 8 ஜென் 1 இரண்டும் சாம்சங் ஆலையில் செய்யப்பட்டவை. இரண்டுமே சூட்டுக்குப் பேர் போனவை. அதே 8 ஜென் 1 வடிவமைப்பைக் கொஞ்சம் மாற்றி, 2022 நடுவில் தைவானின் டிஎஸ்எம்சி ஆலைக்குக் கொண்டுபோய் 8 பிளஸ் ஜென் 1 என்று விட்டார்கள். வேகம் கொஞ்சம் கூடியது, மின்சாரச் செலவு கணிசமாகக் குறைந்தது. ஆகவே பழைய ஃபிளாக்ஷிப் சிப் போட்ட சலுகைப் போனைப் பார்த்தால், அந்த ஒரு 'பிளஸ்' இருக்கிறதா இல்லையா என்று பாருங்கள். இருப்பதற்கும் இல்லாததற்கும் ஒரு தலைமுறை வித்தியாசம்.

இப்போது சூட்டுக்கு வருவோம், ஏனென்றால் விலை குறைந்த ஃபிளாக்ஷிப்பின் உண்மை முகம் இங்கேதான் தெரியும். இன்றைய உச்ச சிப் முழு வேகத்தில் ஓடும்போது பத்து வாட்டைத் தாண்டி இழுக்கும். ஒரு போனின் உடலால், கையைச் சுடாமல், தொடர்ந்து வெளியேற்ற முடிவது அதில் பாதிகூட இல்லை. மிச்சச் சூடு உள்ளே தங்கும், போன் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கும். இதைத்தான் த்ராட்டிலிங் என்கிறோம். இது எல்லா போனிலும் நடக்கிறது. எத்தனையாவது நிமிடத்தில் தொடங்குகிறது, எவ்வளவு கீழே போகிறது என்பதில்தான் போனுக்குப் போன் மாறும். உலோகச் சட்டம், பெரிய வேப்பர் சேம்பர் (சூட்டைப் பரப்பும் தட்டையான உலோக அறை) உள்ள போன் சூட்டை முதுகு முழுக்கப் பரப்பும். பிளாஸ்டிக் சட்டமும் பிளாஸ்டிக் முதுகும் உள்ள போன் தொட்டால் குளிர்ச்சியாக இருக்கிறதே என்று நினைப்போம். சூடு வெளியே வராமல் உள்ளேயே நிற்கிறது என்பதுதான் அதற்குப் பாதி நேரம் காரணம்.

சோதிக்க எளிய வழி, 3டிமார்க் ஆப்பில் உள்ள வைல்ட் லைஃப் எக்ஸ்ட்ரீம் ஸ்ட்ரெஸ் டெஸ்ட். ஒரு நிமிட ஓட்டத்தை 20 தடவை தொடர்ந்து ஓட்டும். கடைசியில் அதிகபட்ச மதிப்பெண், குறைந்தபட்ச மதிப்பெண், 'ஸ்டெபிலிட்டி' சதவீதம் மூன்றையும் காட்டும். பலர் சதவீதத்தை மட்டும் பார்த்து ஏமாறுகிறார்கள். ஆரம்பத்திலேயே வேகத்தைக் கட்டிப் போட்டுவிட்ட போன் 95 சதவீதம் காட்டும். 4000-ல் தொடங்கி 2600-ல் முடிக்கும் போன் 65 சதவீதம் காட்டும். ஆனால் முதல் போனின் உச்சமே 2400 என்றால், சூடாகிச் சோர்ந்த பிறகும் இரண்டாவது போன்தான் வேகம். ஒப்பிட வேண்டியது இருபதாவது ஓட்டத்தின் எண்ணை. கூடவே சோதனை முடிந்ததும் கேமரா பக்கத்துச் சட்டத்தில் விரலை வைத்துப் பாருங்கள். விரலை எடுக்கத் தோன்றினால், வெயிலில் மேப் போட்டு வண்டியில் மாட்டும்போது அந்தப் போன் திரையின் பிரகாசத்தைத் தானாகக் குறைத்துவிடும் என்று எதிர்பார்க்கலாம்.

பெஞ்ச்மார்க் (வேகச் சோதனை) எண்களைப் பற்றியும் ஒரு எச்சரிக்கை. எந்த ஆப் ஓடுகிறது என்று பார்த்து வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பழக்கம் பெரிய கம்பெனிகளுக்கும் உண்டு. 2021-ல் ஒன்பிளஸ் 9 வரிசையையும், 2022-ல் கேலக்ஸி எஸ்22 உட்படச் சில சாம்சங் மாடல்களையும் கீக்பெஞ்ச் என்ற சோதனை ஆப் இதற்காகவே தன் பட்டியலிலிருந்து நீக்கியது. பெஞ்ச்மார்க்குக்கு முழு வேகம், அன்றாட ஆப்புக்கோ கேமுக்கோ கட்டிய வேகம். சார்ஜ் நிற்க வேண்டும், போன் சூடாகக் கூடாது என்பது அவர்கள் சொன்ன நியாயம். அதில் உண்மையும் இருக்கிறது. அப்படியானால் விளம்பரத்தில் எந்த வேகத்தைப் போட்டார்கள் என்பதுதான் கேள்வி.

கேமரா: முதல் கண் நல்லது, மற்ற கண்கள்?

இந்த விலையில் முதன்மை கேமரா பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். 1/1.56 அங்குல அளவில், ஓஐஎஸ் (கை நடுக்கத்தை ஈடுகட்டும் வசதி) உள்ள 50 மெகாபிக்சல் சென்சார் இந்தப் பிரிவில் வழக்கமாகிவிட்டது. பகலில் இதற்கும் உச்ச விலை போனுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கப் படத்தைப் பெரிதாக்கித் தேட வேண்டும். நான்கு பிக்சலைச் சேர்த்து ஒன்றாக்கி 12.5 மெகாபிக்சல் படமாகத் தருகிறது. 200 மெகாபிக்சல் என்று போட்டிருந்தாலும் பதினாறைச் சேர்த்து வருவது அதே 12.5-தான். ஆகவே மெகாபிக்சல் எண்ணைத் தாண்டிச் சென்சாரின் அளவைப் பாருங்கள்.

ஏமாற்றம் பக்கத்துக் கண்களில். முதன்மை சென்சாரின் பரப்பு சுமார் 50 சதுர மில்லிமீட்டர். அருகில் இருக்கும் 8 மெகாபிக்சல் அல்ட்ராவைடு (அகலக் காட்சி லென்ஸ்), 1.12 மைக்ரான் பிக்சல் கொண்டதென்றால், அதன் பரப்பு சுமார் 10 சதுர மில்லிமீட்டர்தான். ஐந்தில் ஒரு பங்கு. லென்ஸின் துளையும் சிறியது என்பதால் உள்ளே வரும் ஒளி அதைவிடக் குறைவு. வீட்டுக்குள் இரவில் குடும்பமே நிற்கும் படத்தை இதில் எடுத்தால் ஓரத்தில் நிற்பவர்களின் முகம் வண்ணத் தீட்டலாகிவிடும். அதோடு இந்த மலிவு அல்ட்ராவைடுகளில் ஆட்டோஃபோகஸ் இருப்பதில்லை.

மூன்றாவதாக 2 மெகாபிக்சல் மேக்ரோ இருந்தால் அதை இல்லாத கணக்கில் வையுங்கள். முதுகில் மூன்று வட்டம் தெரிய வேண்டும் என்பதற்காக ஒட்டியது அது. அந்தக் காசை அல்ட்ராவைடில் போட்டிருந்தால் ஒரு உருப்படியான லென்ஸ் கிடைத்திருக்கும் என்பது என் நெடுநாள் ஆதங்கம். டெலிஃபோட்டோ இல்லாததைப் பற்றி அவ்வளவு கவலைப்பட வேண்டாம். 50 மெகாபிக்சல் சென்சாரின் நடுப்பகுதியை வெட்டி எடுக்கும் இரண்டு மடங்கு ஜூம் பகலில் போதும். மூன்று மடங்குக்கு மேல் போகும்போதுதான் கறாராக வித்தியாசம் தெரியும். மேடையில் நடக்கும் நிகழ்ச்சியை அரங்கத்தின் பின் வரிசையிலிருந்து எடுப்பவர்களுக்கு இந்தக் குறை ஒன்றே போதும், வேறு போன் பார்க்க.

சென்சார் ஒன்றாகவே இருந்தும் படம் வேறாக வருவதற்குக் காரணம் மென்பொருள். நல்ல கேமரா குழு உள்ள கம்பெனி தன் உச்ச போனுக்குத்தான் மாதக்கணக்கில் நேரம் செலவழிக்கும். விலை குறைந்த மாடலுக்கு மிச்ச நேரம். இதன் அடையாளங்கள் மூன்று: பட்டனை அழுத்தியதற்கும் படம் பதிவானதற்கும் இடையே தாமதம், ஒரு லென்ஸிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது நிறம் தாவுவது, போர்ட்ரெய்ட்டில் முடியின் ஓரமும் கண்ணாடிச் சட்டமும் மங்கலில் கரைவது.

இரவில் எடுக்கும் படங்கள் கலங்கலாக வருவதற்கு ஓஐஎஸ் இருந்தும் ஏன் தீர்வில்லை என்று பலர் கேட்பார்கள். ஓஐஎஸ் உங்கள் கை நடுக்கத்தை மட்டும்தான் ஈடுகட்டும், எதிரே ஓடுகிற குழந்தையின் அசைவை இல்லை. அதற்குத் தேவை குறைந்த ஷட்டர் நேரம். குறைந்த நேரத்தில் போதிய ஒளி வாங்கப் பெரிய சென்சாரும், வேகமாகச் சுத்தப்படுத்தும் மென்பொருளும் வேண்டும். குழந்தைகளையும் செல்லப் பிராணிகளையும் வீட்டு வெளிச்சத்தில் எடுப்பதுதான் உங்கள் கேமராவின் முக்கால்வாசி வேலை என்றால், சிப் ஒரு தலைமுறை பின்தங்கியதாக இருந்தாலும் பரவாயில்லை, இரண்டாம் பள்ளிப் போனையே எடுங்கள்.

வீடியோவில் பார்க்க வேண்டியது ஒன்றுதான். 4கே 60-ல் (நொடிக்கு 60 ஃபிரேம்) முதன்மை கேமராவில் பதிவைத் தொடங்கிவிட்டு அல்ட்ராவைடுக்கு மாறப் பாருங்கள். பல போன்களில் அந்தப் பட்டனே மறைந்துவிடும். அல்ட்ராவைடும் முன் கேமராவும் 1080பி 30-ஐத் தாண்டாத மாடல்களும் உண்டு. விளம்பரத்தில் '4கே வீடியோ' என்று பொத்தாம்பொதுவாகத்தான் போட்டிருப்பார்கள்.

கண்ணில் படாத குறைப்புகள்

யுஎஸ்பி போர்ட் வெளியே ஒரே மாதிரி டைப்-சி-தான். உள்ளே 2.0 என்றால் வேகம் நொடிக்கு 480 மெகாபிட், நடைமுறையில் 35 மெகாபைட் சுற்றி. 100 ஜிபி படங்களைக் கேபிளில் கணினிக்கு மாற்ற முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும், 3.2 போர்ட்டில் சில நிமிட வேலை. திரையை மானிட்டரில் கேபிளால் காட்டுவதும் பெரும்பாலும் 2.0 போர்ட்டில் நடக்காது. எல்லாவற்றையும் கிளவுடில் வைப்பவர்களுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. வீடியோ எடுத்துக் கணினியில் எடிட் செய்பவர்களுக்குத் தினசரி எரிச்சல்.

சேமிப்பில் யுஎஃப்எஸ் (சேமிப்புச் சிப்பின் வகை) 3.1 நொடிக்குச் சுமார் 2100 மெகாபைட் வரை படிக்கும், 4.0 அதைப் போல் இரு மடங்கு. அன்றாடத்தில் 3.1 தாராளம். 2.2 போட்டிருந்தால் மட்டும் தயங்குங்கள். இரண்டு மூன்று ஆண்டு கழித்துச் சேமிப்பு நிரம்பும்போது ஆப் இன்ஸ்டால், அப்டேட் எல்லாம் இழுக்கும். ஒரே மாடலிலேயே குறைந்த வேரியண்டில் பழைய வகையும், பெரிய வேரியண்டில் புது வகையும் வைப்பது சகஜம்: கேலக்ஸி எஸ்23-ல்கூட 128 ஜிபி-க்கு 3.1, 256-க்கு 4.0. பட்டியலே தவறாகப் போவதும் உண்டு. 2024-ல் ஒன்பிளஸ் 12ஆர்-ன் 256 ஜிபி மாடலுக்கு 4.0 என்று அறிவித்துவிட்டு, பிறகு 3.1-தான் என்று ஒப்புக்கொண்டு, வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தர முன்வந்தார்கள். 'விர்ச்சுவல் ராம்' என்று கூட்டிக் காட்டும் எண்ணைக் கணக்கிலேயே எடுக்க வேண்டாம். அது சேமிப்பின் ஒரு மூலையை ராம் என்று அழைப்பது.

நீர் எதிர்ப்பில், ஐபி54 என்றால் தெறிப்பு மட்டும் தாங்கும்; ஐபி67 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம்; ஐபி68 அதற்கு மேல், எவ்வளவு என்று கம்பெனியே சொல்ல வேண்டும். எதுவாக இருந்தாலும் தண்ணீர் போனால் வாரண்டி பொதுவாகக் கிடையாது. கைரேகை சென்சார் ஆப்டிக்கல் என்றால் ஈரக் கையில் தடுமாறும். அல்ட்ராசோனிக் தடுமாறாது, ஆனால் மலிவான கண்ணாடிப் பாதுகாப்பு ஒட்டினால் அதுவும் அடம்பிடிக்கும். வயர்லெஸ் சார்ஜிங் இந்தப் பிரிவில் பெரும்பாலும் இல்லை, பழகாதவர்களுக்கு நஷ்டமும் இல்லை.

திரை

இந்த விலையில் திரைகள் நல்லவை. '4500 நிட்ஸ்' என்ற பிரகாச எண்ணில் மட்டும் மயங்க வேண்டாம்: அது எச்டிஆர் காட்சியில் திரையின் ஒரு சிறு பொட்டு மட்டும் சில நொடி தொடும் உச்சம். வெயிலில் முழுத் திரையும் எவ்வளவு என்பதைக் காட்டும் எண்ணைப் பட்டியலில் 'எச்பிஎம்' என்று போட்டிருப்பார்கள்; அது 1200-க்கு மேல் இருந்தால் வெட்டவெளியில் படிக்கலாம். எல்டிபிஓ (புதுப்பிப்பு வேகத்தை மிகக் கீழே இறக்கும் தொழில்நுட்பம்) இல்லாத திரை 1 ஹெர்ட்ஸ் வரை இறங்காது. எப்போதும் மணி காட்டும் வசதியைப் போட்டுவைத்தால் சார்ஜ் கொஞ்சம் கூடுதலாக இறங்கும், அவ்வளவே.

கண்ணுக்கு முக்கியம் வேறு விஷயம். அமோலெட் திரைகள் பிரகாசத்தைக் குறைக்க வேகமாக அணைந்து எரிகின்றன, இதுதான் பிடபிள்யூஎம். சில திரைகளில் இது நொடிக்கு 240 தடவை, சிலவற்றில் 2000-க்கு மேல். குறைந்த எண் உள்ள திரையில் இருட்டில் அரை மணி நேரம் படித்தால் சிலருக்குத் தலைவலியே வரும், பலருக்கு எதுவும் ஆகாது. சோதனை சுலபம்: அறை விளக்கை அணைத்து, திரையில் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து, பிரகாசத்தைக் கால்வாசிக்குக் கீழே இறக்கி, ஒரு பென்சிலைத் திரைக்கு முன்னால் விசிறி போல வேகமாக ஆட்டுங்கள். பென்சில் ஒரே மங்கல் பட்டையாகத் தெரிந்தால் நல்லது. தனித்தனிப் பென்சில்களாக, விசிறிக் கம்பிகள் போலப் பிரிந்து தெரிந்தால் திரை மெதுவாக மின்னுகிறது.

பேட்டரியும் சார்ஜரும்

5000 எம்ஏஎச் பேட்டரியில் அடங்குவது சுமார் 19 வாட்-மணி. 120 வாட் சார்ஜர் முழு வேகத்தில் ஓடினால் பத்து நிமிடத்தில் நிரம்ப வேண்டும். நிஜத்தில் அதைப் போல் இரு மடங்கு ஆகிறது. அந்த 120 வாட் ஆரம்பத்தில் சில நிமிடம்தான் நிற்கும், பேட்டரி சூடாகச் சூடாக இறங்கிவிடும். அதனால் 80 வாட்டுக்கும் 120 வாட்டுக்கும் கையில் கிடைக்கும் வித்தியாசம் சில நிமிடங்கள். இதற்காக மாடலை மாற்றுவது வீண்.

பெரிய குறை சார்ஜரின் ஜாதியில் இருக்கிறது. இந்த வேகங்கள் அந்தந்தக் கம்பெனியின் சொந்த முறையில், அவர்கள் தரும் சார்ஜரும் கேபிளும் சேர்ந்தால்தான் வரும். லேப்டாப்பின் பொதுவான யுஎஸ்பி பிடி சார்ஜரில் மாட்டினால் அதே போன் 20 வாட் சுற்றி மட்டுமே இழுக்கலாம். பயணத்துக்கு ஒரே சார்ஜரைக் கொண்டுபோக விரும்புபவர்கள், 'பிபிஎஸ்' (யுஎஸ்பி பிடியைச் சேர்ந்த பொதுச் சார்ஜிங் முறை) ஆதரவு எத்தனை வாட் என்று பார்த்து வாங்குங்கள்.

வேக சார்ஜிங் பேட்டரியைக் கொல்கிறது என்பதில் பாதிதான் உண்மை. கொல்வது சூடு. சார்ஜ் ஏறும்போதே கேம் ஆடுவது, போனைத் தலையணைக்கடியில் வைத்து இரவு முழுக்கச் சார்ஜ் போடுவது, இரண்டும் வேக சார்ஜிங்கைவிட மோசம். செட்டிங்ஸில் 80 சதவீதத்தோடு நிறுத்தும் வசதி இருந்தால், வீட்டிலேயே இருக்கும் நாட்களில் போட்டுவையுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் விற்பனைக்கு வரும் போன்களின் பேட்டரி 800 முழு சுழற்சிக்குப் பிறகும் குறைந்தது 80 சதவீதக் கொள்ளளவோடு இருக்க வேண்டும் என்று விதி வந்திருக்கிறது. இரண்டு ஆண்டுக்கும் மேல் தினம் ஒரு முழு சார்ஜ் என்று வைத்துக்கொள்ளலாம். இதைவிடக் குறைவாக உறுதி தரும் மாடலை நீண்ட நாள் திட்டத்தோடு வாங்காதீர்கள்.

மூன்றாவது ஆண்டில் தெரியும் வித்தியாசம்

வாங்கிய முதல் ஆண்டில் பாதி விலை போனும் முழு விலை போனும் பக்கத்தில் பக்கத்தில் ஓடும். மூன்றாவது ஆண்டில்தான் இடைவெளி விழும், அதுவும் மென்பொருளில். பிக்சல் 8 (2023), கேலக்ஸி எஸ்24 (2024) வரிசைகள் ஏழு ஆண்டு அப்டேட் என்று அறிவித்தன. பிக்சல் 8ஏ-க்கும் அதே ஏழு. முதல் பள்ளிப் போன்களில் மூன்று நான்கு ஆண்ட்ராய்டு பதிப்புகள்தான் வழக்கம். இந்தக் கணக்கில் இரண்டு பொறிகள் உள்ளன. ஒன்று, ஆண்டுகள் போன் வெளியான நாளிலிருந்து ஓடுகின்றன, நீங்கள் வாங்கிய நாளிலிருந்து இல்லை. சலுகையில் பதினைந்து மாதம் கழித்து வாங்கினால் அந்தப் பதினைந்து மாதம் போனது போனதுதான். இரண்டாவது, புது ஆண்ட்ராய்டு வந்த பிறகும் பழைய பதிப்போடு வெளியிட்டு, சில வாரத்தில் புதியதைத் தந்து, அதையும் ஒரு 'பெரிய அப்டேட்'டாக எண்ணிவிடுவார்கள். செட்டிங்ஸில் பாதுகாப்பு அப்டேட்டின் தேதியைப் பாருங்கள். கடையில் ஓடும் டெமோ போனிலேயே நான்கு மாதப் பழைய தேதி இருந்தால் (டெமோவை யாரும் அப்டேட் செய்யாமல் விட்டிருக்கலாம், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்) பிற்பாடு வேகம் பிடிக்கும் என்று நம்ப இடமில்லை.

சில பிராண்டுகளின் மென்பொருளில் விளம்பரங்களும், கேட்காத ஆப்களும் வரும். முதல் தடவை போனை அமைக்கும்போது 'தனிப்பயன் பரிந்துரைகள்' என்று கேட்கும் டிக்குகளை எடுத்துவிட்டாலே பெரும்பகுதி ஓய்ந்துவிடும். பின்னணியில் ஆப்களைக் கொல்லும் பழக்கம் அதைவிடத் தொல்லை: மெசேஜ் தாமதமாக வரும், அலாரம் ஆப் மௌனமாக இறந்திருக்கும். முக்கியமான ஆப் ஒவ்வொன்றுக்கும் ஆப் தகவல் பக்கத்தில் பேட்டரி பயன்பாட்டைக் 'கட்டுப்பாடு இல்லை' என்று மாற்றி, ஆட்டோஸ்டார்ட் அனுமதியையும் கொடுங்கள். ராம் 12 ஜிபி இருந்தும் இது நடப்பது ராம் போதாமல் இல்லை, சார்ஜ் நிற்கிறது என்று பெயர் வாங்குவதற்காக.

பழுதுச் செலவையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். அமோலெட் திரையில் பச்சைக் கோடு விழுவது எந்த விலையிலும் நடக்கும். ஆனால் நல்ல திரை போட்ட மலிவுப் போனில் திரை மாற்றும் செலவு, போனின் அன்றைய மதிப்பில் பெரும்பங்காக வந்து நிற்கும். திரைக்கு மட்டும் கூடுதல் வாரண்டி எடுக்கலாமா என்ற கேள்விக்கு, இந்தப் பிரிவில் என் பதில், எடுக்கலாம்.

அப்படியானால் யாருக்கு?

கேம் ஆடுபவர், நடுத்தரப் போனிலிருந்து ஏறி வருபவர், இரண்டு மூன்று ஆண்டில் மாற்றிவிடும் பழக்கம் உள்ளவர்: முதல் பள்ளிப் போன் உங்களுக்காகவே செய்தது. ஐந்து ஆண்டு வைத்திருக்க வேண்டும், பெற்றோருக்கு வாங்கித் தர வேண்டும், கேமராதான் எல்லாம் என்பவர்களுக்கு இரண்டாம் பள்ளி. இன்னொரு வழியும் உண்டு, பலர் மறப்பது: சென்ற ஆண்டின் நிஜ ஃபிளாக்ஷிப், விலை இறங்கிய பிறகு. அதே பணத்துக்கு முழுக் கேமரா, ஐபி68, வேகமான யுஎஸ்பி எல்லாம் வரும். அப்டேட்டில் ஓராண்டு குறையும், சார்ஜிங் மெதுவாக இருக்கும், பெட்டியில் எழுதிய தயாரிப்புத் தேதி ரொம்பப் பழையதென்றால் பேட்டரி கொஞ்சம் மூப்படைந்திருக்கும். ஏழு ஆண்டு உறுதி உள்ள மாடலில் ஓராண்டு போனாலும் ஆறு மிச்சம், அதனால் என் சாய்வு பெரும்பாலும் இந்தப் பக்கம்தான்.

வாங்கிவிட்டீர்கள் என்றால், திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் செய்ய வேண்டிய சோதனைகள் சில. நெட்ஃபிளிக்ஸ் ஆப்பின் செட்டிங்ஸில் பிளேபேக் விவரத்தைத் திறந்து வைட்வைன் எல்1 என்று இருக்கிறதா பாருங்கள். அல்ட்ராவைடை ஒரு செய்தித்தாளுக்கு ஒரு சாண் தூரத்தில் பிடித்து எழுத்து கூர்மையாக வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் ஆட்டோஃபோகஸ் இல்லை. ஸ்ட்ரெஸ் டெஸ்ட்டை ஃபேன் காற்றுக்கு அடியில் வைக்காமல், உறையோடு ஓட்டுங்கள். நீங்கள் தினமும் பயன்படுத்தப்போவது அப்படித்தான். திரையில் முழுச் சாம்பல் நிறப் படம் ஒன்றைப் போட்டு, இருட்டில், குறைந்த பிரகாசத்தில், பச்சை அல்லது இளஞ்சிவப்புச் சாயல் ஒரு பக்கமாகப் படர்கிறதா என்று பாருங்கள்.

கடைசியாக ஒரு சோதனை, யாரும் செய்யாதது. அருகாமையை உணரும் நிஜ சென்சாரை எடுத்துவிட்டு, அசைவையும் ஒலியையும் வைத்து மென்பொருளால் ஊகிக்கும் போன்கள் இந்தப் பிரிவில் உண்டு. மேசையிலிருந்து போனை மெதுவாக எடுத்துக் காதில் வைத்து, ஐந்து நிமிடம் பேசுங்கள், இடையில் காது மாற்றுங்கள், ஒரு வாய்ஸ் மெசேஜையும் காதில் வைத்துக் கேளுங்கள். திரை நடுவில் எரிந்து, கன்னம் பட்டு மியூட் ஆனாலோ அழைப்பு துண்டித்தாலோ, அப்டேட்டில் சரியாகும் என்று காத்திருக்காதீர்கள். அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு மாடலைப் பாருங்கள்.